ஒரு சால்வையின் கணக்கு

கைவினைப் பொருட்காட்சிகளிலே அடிக்கடி காணக்கூடிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. கம்பளி நூலாற் பின்னிய சால்வை ஒன்று மேசைமீது விரிந்து கிடக்கும். நடுவே மூன்று நிறங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும்; சுற்றிலும் துளைவேலைக் கரை பல்வரிசைபோல ஓடும். பார்க்க வந்தவர் அதனைக் கையில் எடுப்பார், கன்னத்தில் வைத்து அதன் மென்மையை அறிவார், மூலையிற் குத்தியுள்ள விலைச் சீட்டைக் கண்டதும், “வெறும் நூலுக்கா இவ்வளவு விலை?” என்று கேட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

அக்கேள்வியை ஒரு காலத்தில் நாமும் கேட்டவர்களே. எம் வாயை அடைத்தது விற்பவர் எவரும் சொன்ன மறுமொழியன்று. நாமே இரண்டு ஊசிகளைக் கையிலெடுத்துக் கண்ணி கண்ணியாகப் பின்னத் தொடங்கியதுதான். எனவே, இக்கட்டுரையிலே சால்வை பின்னும் வழியைக் கூறுவதோடு, அக்கலையால் வாழ்ந்த மக்கள் சிலரின் வரலாற்றையும், ஈற்றில் ஒரு சால்வையின் கணக்கையும் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

நெய்ததும் பின்னியதும்

‘சால்வை’ என்னும் சொல் ‘ஷால்’ என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. உலகப் புகழ்பெற்ற காஷ்மீரச் சால்வை தறியில் நெய்யப்படுவது. அதிலே பாவு நூல் நெடுக்கே நிற்க, ஊடை நூல் குறுக்கே செல்லும். நாம் இங்கே கூறவந்த சால்வையோ நெய்யப்படுவதன்று. பள்ளிக்கூடங்களிலே ‘நிற்றிங்’ என்று வழங்கும் ஊசிப் பின்னலால் ஆவது. அதற்குத் தறி வேண்டாம். இரண்டு ஊசிகளும் ஒரு நூலுமே போதும். இடது ஊசியிலுள்ள ஒவ்வொரு கண்ணியின் ஊடாகவும் நூலை இழுத்துப் புதிய கண்ணி ஒன்றை வலது ஊசியில் ஏற்றுவதே அக்கலையின் முழு இரகசியமுமாகும்.

கண்ணிகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதனாலேயே பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டால் மீளும். அதே காரணத்தால் ஒரு கண்ணி ஊசியிலிருந்து தவறினால், அதன் கீழுள்ள கண்ணிகளும் ஏணிப்படிபோல ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். பிழை நேர்ந்தால் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் நூலாக்கிக் கொள்ளவும் முடியும். வெட்டிய துணிக்கு இல்லாத மன்னிப்பு பின்னலுக்கு உண்டு.

வடகடலின் தீவுகள்

துளைவேலைக் கரையோடு கூடிய சால்வைக்குப் பெயர்போன இடம் செற்லாந்துத் தீவுகள். ஸ்கொத்லாந்தின் பெருநிலத்துக்கு வடக்கே, வட அத்திலாந்திக் கடலும் வடகடலும் சந்திக்குமிடத்தில் அவை கிடக்கின்றன. மார்கழி மாதத்தின் மிகக் குறுகிய நாள்களில் அங்கே பகற்பொழுது ஆறு மணி நேரமும் நீடிப்பதில்லை. மரங்கள் அரிது; காற்று ஓய்வதில்லை. ஆடவர் மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்ல, வயலும் ஆடும் வீடும் பெண்களின் கைக்கு வந்தன. அக்கைகளிலே பின்னலூசிகளும் எப்போதும் இருந்தன.

அத்தீவுகளின் ஆடுகள் உருவிற் சிறியவை. அவற்றின் மயிரோ மிக மென்மையானது. வெள்ளை, சாம்பல், செம்மண்ணிறம், கருமை எனப் பல இயற்கை நிறங்கள் அதில் உண்டு. கோடையின் தொடக்கத்திலே மயிர் தானாகவே தளர்ந்து வரும். அப்போது கத்தரிக்காமற் கையாற் பறித்தெடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆட்டின் கழுத்துப் பகுதியிற் கிடைக்கும் மிக நுண்ணிய மயிரைக் கையால் நூற்று, திருமண மோதிரத்தின் ஊடே இழுக்கத்தக்க மெல்லிய சால்வைகளைப் பின்னினார்கள். அவற்றுக்கு ‘மோதிரச் சால்வை’ என்றே பெயர். வடகோடியிலுள்ள அன்ஸ்ற் தீவு இந்நுண்வேலைக்குச் சிறப்பாகப் பெயர் பெற்றது.

எனினும், வீட்டிலே நாள்தோறும் போர்த்திக்கொண்டது வேறு வகைச் சால்வையாகும். ‘ஹாப்’ எனப்படும் அது தடித்த நூலால் ஆனது. நடுவே எளிய பின்னலும், சுற்றிலும் இயற்கை நிறங்கள் படிப்படியாக மாறும் அலைவரிகளும், ஈற்றில் துளைவேலைக் கரையும் கொண்டது. குழந்தையைச் சுற்றவும், குளிரில் தோளை மூடவும் பயன்பட்டது அதுவே.

அப்பெண்கள் பின்னுவதற்கென்று தனியாக உட்காரும் நேரம் மிகக் குறைவு. எரிபொருளுக்காகச் சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய முற்றா நிலக்கரியைக் கூடையில் இட்டு முதுகிற் சுமந்து நடக்கும்போதும் கைகள் பின்னிக்கொண்டிருந்தன. இடையிலே தோற்பட்டி ஒன்றைக் கட்டுவர். குதிரை மயிர் அடைத்த அப்பட்டியில் துளைகள் இருக்கும். ஊசியின் ஒரு முனையைத் துளையிற் செருகிவிட்டால் ஊசி அசையாது நிற்கும், நடையும் தடைப்படாது.

தேயிலையும் துணியும் கூலி

இத்தீவுகளுக்கும் எமது நாட்டுக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்றுண்டு. காலித் துறைமுகத்துக்கும் பின்னர் கொழும்புக்கும் வந்துபோன பி. அன்ட் ஓ. கப்பற் கம்பனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஆதர் அன்டர்சன், செற்லாந்தின் லேர்விக் நகரருகே 1792 இல் பிறந்தவர். சிறுவனாக மீன் உலர்த்தும் கரையிலே வேலை செய்தவர். 1837 இல் அரியணை ஏறிய விக்ரோறியா மகாராணியாருக்குத் தம் தீவின் நுண்பின்னற் காலுறைகளை அன்பளிப்பாகக் கொடுத்து, அக்கைவேலையின் புகழ் பரவ உதவியவரும் அவரே. மகாராணியார் விரும்பியதைச் சீமாட்டிகளும் விரும்பினார்கள். செற்லாந்துச் சால்வைக்கு மவுசு ஏறியது.

ஆனால், சால்வைக்கு ஏறிய மதிப்பு அதைப் பின்னிய கைக்கு ஏறவில்லை. பின்னியவள் சால்வையைக் கடைக்காரரிடம் கொண்டு சென்றால் அவர் காசு கொடுப்பது அரிது. அதற்கு ஈடாகத் தேயிலை கொடுப்பார், துணி கொடுப்பார், அல்லது அவருடைய கடையிலேயே மாற்றிக்கொள்ளவேண்டிய சீட்டு ஒன்றை எழுதிக் கொடுப்பார். வீட்டிலே மாவில்லாதவள் தேயிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அதை அயலாரிடம் கொடுத்து மாவுக்கு மாற்றவேண்டிய நிலை சிலருக்கு நேர்ந்தது. 1872 இல் பிரித்தானிய அரசின் விசாரணை ஆணையம் செற்லாந்துக்கு வந்து இம்முறையை ஆராய்ந்தது. பின்னல் வேலை செய்த பெண்கள் பலர் அதன் முன் நின்று தம் வாயாலேயே சாட்சியம் அளித்தார்கள். அவர்களுடைய சொற்கள் ஆணையத்தின் அறிக்கையிலே அச்சாகி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அதன் பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

மலையகத் தோட்டங்களிலே தொழிலாளருக்கு வழங்கிய அரிசியின் கணக்கை அவர்தம் கூலியிலிருந்து கழித்த வரலாற்றை அறிந்த எமக்கு இக்கதை அந்நியமானதன்று. உழைப்பவர் கையிலே காசு வராதவரை, அவர் உழைப்பின் விலையை மற்றவரே தீர்மானிப்பர் என்பதை இரண்டு தீவுகளும் அறிந்திருந்தன.

நிறம் கலக்கும் எளிய வழி

இனி, சால்வைக்கு வருவோம். கரையைச் செற்லாந்தின் வழியிலே அமைப்போம்; நடுப்பகுதிக்கு, மிக எளிதாகப் பல நிறம் சேர்க்கும் வேறொரு முறையைக் கைக்கொள்வோம்.

ஒரே வரியில் இரண்டு நிற நூல்களை மாறி மாறிப் பின்னுவது தொடக்கக்காரருக்குக் கடினம். நூல்கள் சிக்குப்படும், இறுக்கம் மாறும். நழுவுகண்ணி முறையிலோ ஒரு நேரத்தில் ஒரு நூலையே கையாளுகின்றோம். ஒரு நிறத்தால் இரண்டு வரி, அடுத்த நிறத்தால் இரண்டு வரி, இவ்வாறே செல்லும். இடையிடையே ஒரு கண்ணியைப் பின்னாமல், அப்படியே வலது ஊசிக்கு மாற்றிவிடுவோம். அக்கண்ணி தன் பழைய நிறத்தோடு மேலேறி வந்து, புதிய நிற வரியின் நடுவே பூப்போல நிற்கும். பார்ப்பவர்க்கு இரண்டு நூல்களை ஒருங்கே பின்னியதாகத் தோன்றும். நழுவுகண்ணி வேறு, தவறிய கண்ணி வேறு என்பதை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். முன்னது நாம் வேண்டுமென்றே மாற்றுவது, பின்னது கவனக்குறைவால் விழுவது.

முன்பே இருந்த இம்முறையை விரிவாக்கி, நூற்றுக்கணக்கான கோலங்களாக வகுத்தவர் அமெரிக்கரான பாபரா வாக்கர் அம்மையார். இரண்டு வரிக்கு ஒரு நிறமாகச் செல்லும் இவ்வகைக்குச் சிறுகற்களைப் பதித்த தளத்தின் பெயரைச் சூட்டி, ‘மொசெயிக் பின்னல்’ என்ற நூலை அவர் 1976 இல் வெளியிட்டார்.

நடுப்பகுதி

வேண்டிய பொருள்கள்: நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் மூன்று நிறங்களில், 5 மி.மீ. ஊசிகள் ஒரு சோடி. நழுவுகண்ணி துணியைச் சற்றே இறுக்குமாதலின், அந்நூலுக்கு வழக்கமாகக் கொள்வதினும் பருத்த ஊசியே ஏற்றது. நூலை வாங்கும்போது ஒவ்வொரு நிறத்திலும் தேவையான முழுவதையும் ஒரே சாயத் தொகுதியில் வாங்குதல் நலம். பின்னர் வாங்கினால் நிறம் சிறிது வேறுபடும்.

ஊசியில் ஏற்றும் கண்ணிகளின் தொகை நான்கின் மடங்கோடு மூன்று கூட்டியதாக இருத்தல் வேண்டும். நாம் 103 கண்ணிகள் கொள்வோம். முதலாம் நிறத்தால் 103 கண்ணிகளை ஏற்றி, ஒரு வரி முழுவதும் நேர்க்கண்ணியாகப் பின்னுக. இச்சால்வையில் வேறு வகைக் கண்ணியே இல்லை. அதன்பின் வருமாறு:

1ஆம் வரி (இரண்டாம் நிறம்): 3 பின்னுக, பின்னர் ‘1 நழுவு, 3 பின்னுக’ என்பதை இறுதிவரை திரும்பச் செய்க.

2ஆம் வரி (அதே நிறம்): முன் வரியைப் போன்றதே, முன்பு நழுவிய அதே கண்ணிகளே மீண்டும் நழுவும்.

3ஆம் வரி (அடுத்த நிறம்): 1 பின்னுக, பின்னர் ‘1 நழுவு, 3 பின்னுக’ என்பதைத் திரும்பச் செய்து, ஈற்றில் 1 நழுவு, 1 பின்னுக.

4ஆம் வரி (அதே நிறம்): மூன்றாம் வரியைப் போன்றதே.

ஒற்றைப்படை வரிகளிற் கண்ணியை நழுவவிடும்போது நூல் பின்னலுக்குப் பின்னால் இருக்கவேண்டும்; இரட்டைப்படை வரிகளில் நூலை முன்னே கொணர்ந்து கண்ணியை நழுவவிட்டு, மீண்டும் பின்னே கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் குறுக்கே ஓடும் நூல் எப்போதும் சால்வையின் புறப்பக்கத்தில் மறையும். அந்நூலை இறுக்கி இழுத்தல் ஆகாது. இழுத்தால் துணி சுருங்கும்.

நிறங்களை ஒன்று, இரண்டு, மூன்று என முறையே இரண்டிரண்டு வரிகளுக்கு மாற்றிச் செல்க. கோலம் இரண்டு சோடி வரிகளுக்கு ஒருமுறை திரும்புகின்றது. நிறமோ மூன்று சோடிகளுக்கு ஒருமுறை திரும்புகின்றது. ஆகவே, இரண்டும் ஒருங்கே தொடங்கிய இடத்துக்கு வருவது ஆறு சோடிகளின் பின், அதாவது 12 வரிகளுக்கு ஒருமுறை. ஒரு கையில் இரண்டும் மறுகையில் மூன்றுமாகத் தாளம் போட்டால் ஆறாவது அடியிலே இரண்டும் சந்திப்பது போன்றதே இது. எளிய கோலமாயினும் கண்ணுக்குச் சலிப்புத் தராதிருப்பதன் காரணம் இதுவேயாகும். இரண்டு வரிக்கொருமுறை நூல் தொடங்கிய பக்கத்துக்கே திரும்பி வருவதால், நிறம் மாற்றும்போதெல்லாம் நூலை வெட்டவும் வேண்டியதில்லை. ஓரமாக மேலே தளர்வாகக் கொண்டு செல்லலாம்.

முதலிலே 27 கண்ணிகளில் ஒரு சிறு துண்டு பின்னிப் பார்த்தல் அறிவுடைமை. 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணிகளும், 10 செ.மீ. நீளத்தில் 40 வரிகளும் வருமாயின், 103 கண்ணிகள் ஏறத்தாழ 57 செ.மீ. அகலம் தரும், ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு 600 வரிகள் வேண்டும். துண்டின் அளவு வேறாயின், கண்ணித் தொகையையும் வரித் தொகையையும் அதற்கேற்ப மாற்றிக் கொள்க. கடைசி வரியில் ஒரு கண்ணியைக் கூட்டி 104 ஆக்கி ஊசியிலேயே நிறுத்துக.

துளைவேலைக் கரை

துளை என்பது பின்னலிலே குறையன்று. கணக்கோடு செய்யும் கொடுக்கல் வாங்கல். ஊசியைச் சுற்றி ஒருமுறை நூலைச் சுற்றினால் துளை ஒன்றும் புதிய கண்ணி ஒன்றும் பிறக்கும்; இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். நாம் கூறும் கரையில் ஒவ்வொரு வெளிவரியிலும் இரண்டு சுற்று, ஒரு குறைப்பு. எனவே ஒரு கண்ணி கூடிக்கொண்டே வரும். நான்கு கூடியதும் நான்கையும் முடித்துவிட, வாளின் பல் போன்ற முனை ஒன்று தோன்றும்.

கரைக்கென 6 கண்ணிகளைப் புதிதாக ஏற்றுக. சால்வையிலிருந்து வெளியே செல்லும் வரி: 2 பின்னுக, நூலை ஒருமுறை சுற்றுக, 2 கண்ணிகளை ஒன்றாகப் பின்னுக, மீண்டும் நூலைச் சுற்றுக, எஞ்சியவற்றைப் பின்னுக. சால்வையை நோக்கித் திரும்பும் வரி: எல்லாவற்றையும் பின்னி, கடைசிக் கண்ணியைச் சால்வையின் ஒரு கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னுக. இவ்வாறு நான்கு முறை செய்தால் கண்ணிகள் 10 ஆகும். ஆனால், நான்காம் முறை திரும்பும் வரியின் தொடக்கத்தில் 4 கண்ணிகளை முடித்துவிடுக. மீண்டும் 6 கண்ணிகளே எஞ்சும். ஒரு பல் நிறைவெய்தியது.

ஒரு பல் சால்வையின் 4 கண்ணிகளை எடுத்துக்கொள்ளும். அகலப் பக்கத்தின் 104 கண்ணிகளில் 26 பற்கள் அமையும். நீளப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரிக்கு ஒன்றாக 300 கண்ணிகளை எடுத்தால் 75 பற்கள் அமையும். எதிர்ப்பக்கத்தில் தொடக்க ஓரத்திலிருந்து 104 கண்ணிகளை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தபின் அடுத்த பக்கத்துக்குக் கண்ணி எடுத்தாற் போதுமானது. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பல் மிகையாக வேண்டும். அப்பல்லைச் சால்வைக் கண்ணியோடு சேர்க்காமற் பின்னினால் கரை விசிறிபோல் விரிந்து மூலையைச் சுற்றும். எல்லாமாக 206 பற்கள். ஈற்றில் எஞ்சும் 6 கண்ணிகளைத் தொடக்க ஓரத்தோடு தைத்து இணைக்க.

நீராட்டும் விரிப்பும்

ஊசியிலிருந்து இறங்கிய சால்வையைக் கண்டு மனந்தளர வேண்டாம். கரை சுருண்டு, துளைகள் மூடி, கசங்கிய துணிபோற் கிடக்கும். அதன் அழகு நீரிலேதான் வெளிப்படும். முதலிலே அழுத்தமான நிற நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகின்றதா என்று பார்த்துக்கொள்க. பின்னர், குளிர்ந்த நீரிலே மென்மையான சவர்க்காரமிட்டு அலசி, முறுக்காமல் துவாயிற் சுருட்டி நீரை ஒற்றி எடுக்க. பாயின்மீது வெள்ளைத் துணி விரித்து, சால்வையை அதில் இழுத்துப் பரப்பி, ஒவ்வொரு பல்லின் முனையிலும் துருப்பிடியாத குண்டூசி குத்தி நிழலிலே உலரவிடுக. செற்லாந்தில் இதற்கென மரச்சட்டங்கள் இருந்தன. கரையின் பற்களை நூலாற் கோத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவர்.

ஆட்டுமயிர்க் கம்பளிக்கே இப்படி விரித்த வடிவம் நிலைக்கும் இயல்பு உண்டு. செயற்கை நூலாற் பின்னினால் கழுவுதல் எளிது. ஆனால், நீரில் நனைத்து விரிப்பதனால் மட்டும் துளைகள் அவ்வாறு மலர்ந்து நிற்பதில்லை.

கணக்கு

இனி, தொடக்கத்தில் வாக்களித்த கணக்கைப் பார்ப்போம். 103 கண்ணிகள் கொண்ட 600 வரிகள் 61,800 கண்ணிகளாகும். கரையின் ஒரு பல்லுக்கு 68 கண்ணிகள். 206 பற்களுக்கு 14,008. ஆகமொத்தம் 75,808. பழகிய கை ஒன்று நிமிடத்துக்கு 20 கண்ணிகள் செய்யும் என்று வைத்துக்கொண்டால், 63 மணி நேரம் வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் அது ஏறத்தாழ எட்டு நாள் உழைப்பு. நிறம் மாற்றும் நேரமும், பிழை கண்டு அவிழ்த்த நேரமும், நீராட்டி விரித்த நேரமும் இக்கணக்கில் இல்லை. நூலின் விலையும் இல்லை.

வீட்டிலே ஒரு மேசன் எட்டு நாள் வேலை செய்தால் அவருக்குரிய நாட்கூலியைக் கொடுக்க நாம் தயங்குவதில்லை. கொடாவிட்டால் அவர் மறுநாள் வரமாட்டார். அடுப்பங்கரையில் உலை கொதிக்கும் இடைவேளையிலும், பிள்ளை உறங்கிய பின்னர் விளக்கின் கீழும் பின்னிய எட்டு நாளை மட்டும் ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லி நூலின் விலைக்கே கேட்கின்றோம். பொழுது போகவில்லை, பொழுது அந்தச் சால்வைக்குள் இருக்கின்றது. தேயிலையைக் கூலியாகக் கொடுத்த செற்லாந்துக் கடைக்காரரைக் குறை கூறுமுன், மேசையருகே நின்று விலை குறைத்துக் கேட்ட எம்மையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின், மாணவர்களே, ஒரு முறையேனும் இச்சால்வையைப் பின்னிப் பாருங்கள். முழுவதும் முடியாவிட்டாலும், 27 கண்ணிகள் கொண்ட அச்சிறு துண்டையேனும் பின்னுங்கள். அதைப் பின்னிய விரல்கள் பிறகு எந்தக் கைவேலையைத் தொட்டாலும் அதன் கண்ணிகளை உணரும். விற்கப் பின்னுபவர்களோ, தாம் செலவிட்ட மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்தல் நன்று. விலை கேட்பவருக்குக் காட்ட அதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

அன்று நாம் கேள்வி கேட்டுத் திரும்ப வைத்துவிட்ட சால்வை இன்று யார் தோளில் இருக்கின்றதோ அறியோம். இனியொரு சால்வையை அம்மேசையிற் காணும்போது, விலைச் சீட்டைப் பார்க்குமுன் கரையின் பற்களை எண்ணுவோம்.